வில்லோ மறுதாம்புத் தோப்பு: எத்தனை போத்து நடுவது?

கூடைக்கும் எரிபொருளுக்கும் வளர்க்கும் வில்லோ மரத்தை நடப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஹெக்டேருக்கு எத்தனை போத்து?" என்றுதான். போத்து என்றால் நடுவதற்காக வெட்டிய தண்டுத் துண்டு. நான் உடனே எண் சொல்வதில்லை. எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வெட்டப்போகிறீர்கள், வெட்டும்போது தண்டு என்ன பருமனில் வேண்டும் என்று இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் இருந்தால் நடவு எண்ணிக்கையைப் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். இல்லையென்றால் எந்த எண்ணைச் சொன்னாலும் அது வேறு யாரோ ஒருவருடைய தோப்புக்கான எண்.

என் வேலை அளவெடுப்பது. குளிர்காலத்தில் இலை கொட்டிய பிறகு காலிப்பர் (பருமன் அளக்கும் கருவி), மஞ்சள் மெழுகுக்கட்டி, நோட்டு, பென்சில் சகிதம் வரிசைக்குள் நுழைந்து, ஒவ்வொரு அடிக்கட்டையிலும் எத்தனை தண்டு, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். மெழுகுக்கட்டி எதற்கென்றால், அளந்த தண்டில் ஒரு கோடு போடாவிட்டால் நெருக்கமான வரிசையில் அதையே மறுபடியும் அளந்துவிடுவோம். பேனா சரிப்படாது, குளிரிலும் ஈரத்திலும் எழுதாது. இப்படிச் சேர்ந்த நோட்டுகளிலிருந்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: எத்தனை கட்டை என்பதை நாம் முடிவு செய்கிறோம், எத்தனை தண்டு என்பதைத் தோப்பு முடிவு செய்கிறது. தூக்கி எடைபோடுவது என்னவோ தண்டைத்தான்.

தோப்புக்குள் நடப்பது

மறுதாம்பு என்றால் மரத்தைத் தரையை ஒட்டி வெட்டிவிட்டு, அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் புதுத் தண்டுகளை வளரவிடுவது. வேர் பழையது, மேலே வருவது புதியது. வில்லோ இதற்கென்றே பிறந்த மரம். ஒரு தடவை நட்டால் 20 முதல் 25 வருடம்வரை திரும்பத் திரும்ப வெட்டலாம்.

நட்ட முதல் வருடம் போத்துகளுக்குள் போட்டியே கிடையாது. ஒன்றின் இலை அடுத்ததன் மேல் நிழல் போடுவதில்லை, வேரும் எட்டிப் பிடிக்கவில்லை. அதனால் இரண்டு மடங்கு நட்டால் விளைச்சலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெருக்கி நட்டவர் இந்த வருடத்தில் ரொம்ப சந்தோஷமாக இருப்பார். இந்தக் கட்டத்தில் போட்டி போத்துக்கும் போத்துக்கும் இல்லை, போத்துக்கும் களைக்கும்.

முதல் வருட முடிவில், இலை கொட்டிய பிறகு, தரையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. விட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறோம். அடுத்த வசந்தத்தில் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கொத்தாகத் துளிர் கிளம்பும். ஒற்றைத் தண்டாக இருந்த செடி ஐந்து, பத்து, சமயத்தில் இருபது தண்டாக நிற்கும். இடம் தாராளமாக இருக்கும் கட்டையில் நிறையத் தண்டுகள் பிழைக்கும், நெருக்கத்தில் சிலதான் பிழைக்கும். அகலமாக நட்ட நெல் நாற்று நிறையத் தூர் கட்டி இடத்தை நிரப்புமே, அதே சங்கதிதான். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஹெக்டேருக்கு 10,000 கட்டை, கட்டைக்கு 12 தண்டு என்றால் 1,20,000. 30,000 கட்டை, கட்டைக்கு 4 தண்டு என்றாலும் அதே 1,20,000. நிஜத் தோப்பில் கணக்கு இவ்வளவு அச்சாக வராது, நெருக்கமான பக்கம் தண்டுகள் கொஞ்சம் கூடவே நிற்கும். ஆனால் நட்டபோது இருந்த மூன்று மடங்கு வித்தியாசம் தண்டு எண்ணிக்கையில் அப்படியே தங்காது.

அப்புறம் இலைக்கூரை மூடும். மேலே விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை இலைகளே பிடித்துக்கொண்டு தரைக்கு மிச்சம் வைக்காத நிலை இது. நெருக்கமான நடவில் சீக்கிரமாகவும் அகல நடவில் ஒன்றிரண்டு வருடம் தள்ளியும் வரும். வந்த பிறகு இரண்டு தோப்புக்கும் கிடைப்பது அதே வெயில்தான். எத்தனை கட்டை இருந்தாலும் ஒரு ஹெக்டேருக்கு விழும் வெளிச்சம் கூடப்போவதில்லை. இந்த நிலையில் மொத்த எடை அடர்த்தியைச் சாராமல் ஒரு மட்டத்தில் போய் நிற்கும் என்பதை ஜப்பானில் தாவர ஆய்வாளர் கிராவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1950களில் சோயா போன்ற பயிர்களில் காட்டினார்கள். மரத்துக்கும் அது பொருந்துகிறது. மூடும் நாளை மட்டுமே நம்மால் முன்னே பின்னே நகர்த்த முடியும்.

மூடிய பிறகு நெரிசல் ஆரம்பம். வெளிச்சப் போட்டி ஒருதலையானது: இரண்டு தண்டில் கொஞ்சம் உயரமானது வெளிச்சத்தில் சரிபாதியை அல்ல, பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், அதனால் இன்னும் உயரும். குட்டையானது மெலிந்து காயும். தோப்பு தன்னைத்தானே களைந்துகொள்கிறது. 1963-இல் அதே ஜப்பானில் யோடா என்ற ஆய்வாளரின் குழுவினர் இதற்கு ஒரு விதி சொன்னார்கள்: நெரிசலில் செடிகளின் எண்ணிக்கை பாதியாகும்போது மிஞ்சியவற்றின் சராசரி எடை சுமார் 2.8 மடங்காகிறது. மறுதாம்பில் முதலில் சாவது கட்டைக்குள் இருக்கும் பலவீனமான தண்டுகள். அதற்கப்புறமும் நெரிசல் குறையாவிட்டால் கட்டையே முழுசாகப் போகும். மிக நெருக்கமாக நட்ட பாத்திகளில் இரண்டாம், மூன்றாம் வெட்டுக்குள் செத்த கட்டைகள் வரிசையாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கி நட்ட போத்துகள் அவை. நிழலில் செத்தவை, நோயில் அல்ல.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெருக்கினால் குட்டையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் அவ்வளவாக மாறுவதில்லை, மெலிவதுதான் நடக்கும். நெருக்கத்தில் பக்கக் கிளை குறைந்து, நேராக, ஒல்லியாக வரும். அகலத்தில் அடி பருத்து, பக்கவாட்டில் சாய்ந்து, கிளை விட்டு வரும். கூடை பின்னுகிறவருக்கு முதலாவது வரம், விறகுச் சிப்ஸ் போடுகிறவருக்கு இரண்டாவது.

எண்ணை எப்படி எடுப்பது

இப்போது அந்த இரண்டு கேள்விக்கு வரலாம். வருடா வருடம் வெட்டுகிறவருக்குக் கூரை ஒரே கோடையில் மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் வெயில் வீணாகத் தரையில் விழுகிறது. அவர் நெருக்கித்தான் நட வேண்டும். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு முறை வெட்டுகிறவருக்கு அகல நடவு இடையிலேயே எட்டிப் பிடித்துவிடும். அவர் வாங்கும் கூடுதல் போத்து முதல் அறுவடையில் மட்டும் கொஞ்சம் தெரியும், பிறகு மறைந்துவிடும். வெட்டும் இடைவெளியைச் சொல்லாமல் அடர்த்தியைப் பேசும் எந்தப் பரிந்துரையையும் நான் நம்புவதில்லை.

புழக்கத்தில் இருக்கும் அளவுகளைப் பார்த்தால் இது புரியும். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கூடைக்காக 'பிளாக் மால்' போன்ற ரகங்களை வருடந்தோறும் வெட்டுகிறார்கள். இந்த மாதிரிக் கூடை வில்லோவுக்கு வரிசைக்கு வரிசை சுமார் 70 செ.மீ., வரிசைக்குள் 35 செ.மீ. என்று வைத்தால் ஹெக்டேருக்கு 40,000-ஐத் தாண்டும். ஸ்வீடனிலும் பிரிட்டனிலும் எரிபொருளுக்காக நடுவது ஜோடி வரிசையில்: ஜோடிக்குள் 75 செ.மீ., ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே 1.5 மீட்டர், வரிசைக்குள் 60 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 15,000 வரும், வெட்டு பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை. அந்த 1.5 மீட்டருக்கு மரம் காரணமில்லை. டிராக்டர் சக்கரம் கட்டையை மிதிக்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு கோடியில் கிரிக்கெட் மட்டை வில்லோ: மறுதாம்பு கிடையாது, ஒற்றை அடிமரம், சுமார் 10 மீட்டர் தள்ளித் தள்ளி நடவு, 15 முதல் 20 வருடம் காத்திருப்பு. எல்லாம் ஒரே பேரினம்தான்.

உங்கள் கணக்கு எளிது. வரிசை இடைவெளியை வரிசைக்குள் இருக்கும் இடைவெளியால் பெருக்கினால் ஒரு கட்டைக்கான இடம். 10,000-ஐ அதால் வகுத்தால் ஹெக்டேருக்கு எத்தனை என்று வரும். ஜோடி வரிசை என்றால் இரண்டு வரிசை இடைவெளிகளின் சராசரியை எடுங்கள்: 1.5-க்கும் 0.75-க்கும் சராசரி 1.125 மீட்டர். அதை 0.6-ஆல் பெருக்கினால் 0.675 சதுர மீட்டர், ஹெக்டேருக்குச் சுமார் 14,800. கட்டைக்கான இடம் சரிசதுரமாக இருக்க வேண்டியதில்லை, வில்லோ பக்கவாட்டில் வளைந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வரிசையை ரொம்ப அகலப்படுத்திவிட்டு அதை ஈடுகட்ட உள்ளே திணிக்காதீர்கள். நடுவில் களை, உள்ளே நெரிசல் என்று இரண்டு கஷ்டமும் சேர்ந்து வரும்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு, மூன்று வருட வெட்டு, நடுத்தர மண் என்றால் 10,000 முதல் 15,000 வரை போதும் என்பது என் கருத்து. அதிலிருந்து மேலே போகவோ கீழே வரவோ காரணம் வேண்டும். கீழே வரக் காரணங்கள்: தண்ணீரைத் தக்கவைக்காத மணல் மண் (சீக்கிரம் மூடும் கூரை மண் ஈரத்தையும் சீக்கிரம் குடித்துவிடும்), நான்கு, ஐந்து வருடம் விட்டு வெட்டும் எண்ணம், பரந்து வளரும் ரகம். ஆனால் அகல நடவில் நீண்ட நாள் விட்டால் அடி பருத்துவிடும். தீவனப் புல் வெட்டும் இயந்திரத்தில் வில்லோ முகப்பு மாட்டி அறுக்கிறவர்களுக்கு அடி 6, 7 செ.மீ.யைத் தாண்டினால் திண்டாட்டம்தான். மேலே போகக் காரணங்கள் குறைவு: வருட வெட்டு, ஒல்லியான நேர்த் தண்டின் தேவை, நிமிர்ந்து வளரும் ரகம்.

நெருக்கத்துக்குக் கொடுக்கும் விலையில் பலர் கணக்கில் எடுக்காதது பட்டை. ஒல்லித் தண்டில் மரத்தைவிடப் பட்டையின் பங்கு அதிகம். பட்டையில்தான் சாம்பல் சத்தும் தழை, மணிச் சத்தும் கூட. எரிபொருளாகத் தரம் குறையும், ஒவ்வொரு வெட்டிலும் மண்ணிலிருந்து போகும் சத்தும் கூடும். நெருக்கி நட்டு வருடா வருடம் வெட்டுகிறவர் எருப் போடாமல் தப்பிக்க முடியாது.

அடுத்தது துரு நோய். மெலாம்ப்சோரா பூஞ்சை இலையின் அடியில் மஞ்சள் பொடியாகக் காட்சி தரும். காற்றோட்டமில்லாத ஈரக் கூரைக்குள் வேகமாகப் பரவும். இதற்காகவே பிரிட்டனில் ஐந்தாறு ரகங்களைக் கலந்து நடச் சொல்கிறார்கள். கலப்பு நடவிலும் அடர்த்தி தலையிடும்: நெருக்கம் கூடக்கூட வேகமான ரகம் மந்தமான ரகத்தை நிழலில் அமுக்கிக் கொன்றுவிடும். ஐந்து ரகம் நட்டவர் சில வெட்டுக்குப் பிறகு மூன்று ரகத்தோடு நிற்பார். கலந்து நடுவதென்றால் வேகம் ஒத்த ரகங்களாகப் பார்த்து எடுங்கள்.

நடவு

போத்து ஒரு வருடத் தண்டிலிருந்து வர வேண்டும். நீளம் 20 செ.மீ. அளவு, பருமன் ஒரு செ.மீ.க்குக் குறையாமல். இலையில்லாத காலத்தில் வெட்டி, காயாமல் சுற்றி, உறைநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தால் வசந்தம்வரை தாங்கும். நடுவதற்கு முன் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் நிறுத்துங்கள். மொட்டு மேல் நோக்கி இருக்கும்படி செங்குத்தாகச் செருகி, மேலே ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் தெரியவிட்டு, காலால் மண்ணை இறுக்கிவிடுங்கள். போத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இருந்தால் வேர் பிடிக்காது.

இங்கே நான் கறாராக இருக்கும் விஷயம் ஒன்றுதான்: போத்துகளைப் பருமன் வாரியாகப் பிரித்து நடுங்கள். தடித்ததும் மெலிந்ததும் கலந்து நட்டால் முதல் மாதத்திலேயே உயர வித்தியாசம் வந்துவிடும். நெருக்கமான நடவில் அந்தச் சின்ன வித்தியாசம் வருடா வருடம் பெருகி மெலிந்ததைச் சாகடிக்கும். நட்டது 15,000, நிற்பது 11,000 என்றால் அடர்த்தி 11,000-தான், ரசீதில் இருப்பதைப் பேசிப் பயனில்லை.

களையை முதல் வருடம் முழுக்க எடுங்கள். இதை இன்னும் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, எடுக்காதவர் தோப்பு என்று ஒன்று இருக்காது. பாடுவாசி, அதாவது போத்து செத்துப்போன இடத்தை, நிரப்புவதும் முதல் வருடம் முடிவதற்குள் மட்டும்தான். பழைய கட்டைகளுக்கு நடுவே பின்னால் செருகும் போத்து, சுற்றியிருக்கும் தண்டுகளின் நிழலில் ஒரு கோடையைத் தாண்டாது. ஒற்றை இடைவெளி பற்றிக் கவலையும் வேண்டாம், இரு பக்கக் கட்டைகளும் அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். நான்கைந்து கட்டை சேர்ந்தாற்போல் போனால்தான் விளைச்சலில் ஓட்டை.

உங்கள் மண்ணிலேயே பார்க்க வேண்டுமா?

மேலே சொன்னதெல்லாம் பொது. உங்கள் மண்ணுக்கும் ரகத்துக்கும் எந்த அடர்த்தி என்று தெரிய, புள்ளியியலாளர் நெல்டர் 1962-இல் வகுத்த விசிறி அமைப்பைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. அடர்த்திக்கு ஒரு பாத்தி போட வேண்டியதில்லை. ஒரே விசிறியில் நடுவே நெருக்கமாகவும் வெளியே போகப்போக அகலமாகவும் வரும்.

ஒரு முளை அடித்து, நீட்டிப்பில்லாத கயிற்றைக் கட்டுங்கள். கயிற்றில் 2.00, 2.40, 2.88, 3.46, 4.15, 4.98, 5.97, 7.17, 8.60 மீட்டரில் துணித் துண்டு முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 1.2 மடங்கு. கயிற்றை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு போத்து. அப்புறம் கயிற்றை 10 டிகிரி நகர்த்தி மறுபடி. 90 டிகிரிக்குப் பத்து ஆரக்கோடு வரும், மொத்தம் 90 போத்து. ஒரு கட்டைக்கான இடம், அது நிற்கும் ஆரத்தின் வர்க்கத்தை 0.032-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 2.40 மீட்டரில் ஹெக்டேருக்கு 54,000 அடர்த்தி, 3.46-இல் 26,000, 4.98-இல் 12,600, 7.17-இல் 6,100. முதல் வளையமும் கடைசி வளையமும், ஓரத்து இரண்டு கோடுகளும் காவலுக்கு. அவற்றை அளக்காதீர்கள்.

ஓரத்தில் நிற்கும் கட்டைகள் எப்போதும் கொழுத்திருக்கும், பக்கவாட்டு வெளிச்சம் அவற்றுக்கு இலவசம். சாலையோரம் நின்று முதல் வரிசையைப் பார்த்துவிட்டு "அருமையான தோப்பு" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, உள்ளே கூட்டிப்போய்க் காட்டிவிடுவேன். விசிறியில் ஒரு கட்டை செத்தால் அதற்கு அக்கம்பக்கம் இருப்பவையும் இடம் கூடுதலாகப் பெற்றவை. அவற்றையும் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

அளப்பதற்கு எல்லாத் தண்டையும் வெட்ட வேண்டாம். தரையிலிருந்து ஓர் உயரத்தைத் தேர்ந்து (நான் எடுப்பது 30 செ.மீ.) ஒவ்வொரு தண்டின் விட்டத்தையும் அங்கேயே எடுங்கள். வட்டமாக இல்லாத தண்டுக்கு இரண்டு திசையில் எடுத்துச் சராசரி. உயரத்தைப் பாதியில் மாற்றினால் முந்தைய அளவுகள் குப்பைதான். பிறகு ஒல்லியிலிருந்து பருமன்வரை எல்லா அளவிலும் இருபது, முப்பது தண்டுகளை விசிறிக்கு வெளியே, ஒத்த நெருக்கத்தில் வளர்ந்தவற்றிலிருந்து வெட்டி எடைபோட்டு, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். குளிர்காலத்தில் வெட்டிய வில்லோவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈர எடையை வைத்துப் பேசினால் ஏமாற்றம்தான். விட்டத்தின் மடக்கைக்கு எதிரே உலர் எடையின் மடக்கையை வரைபடத்தில் போட்டால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டை வைத்து அளந்த தண்டுகள் எல்லாவற்றுக்கும் எடை போட்டுக்கொள்ளலாம். நன்றாக நிலைத்த தோப்புகளில் ஹெக்டேருக்கு வருடத்துக்கு 8 முதல் 12 டன் உலர் எடை என்பது சாதாரணம், உங்கள் கணக்கு 40 டன் காட்டினால் ஓரக்கட்டைகளைச் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

முதல் அறுவடையில் நெருக்கமான வளையங்கள்தான் ஜெயிக்கும். அதைப் பார்த்து நடவை முடிவு செய்யாதீர்கள், இரண்டாம் அறுவடைவரை பொறுங்கள். அப்போது கட்டைக்கு எத்தனை தண்டு உயிரோடு, எத்தனை கட்டை செத்தது, எடை எந்த வளையத்தில் சமமாகத் தொடங்குகிறது என்று வரிசையாக எழுதுங்கள். எடை சமமாகத் தொடங்கும் வளையங்களில் மிக அகலமானது எதுவோ, அதன் அடர்த்தியில் நடுங்கள். வேர் பிடிக்காமல் போகக்கூடிய போத்துகளுக்கு அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்கினால் போதும்.